அம்மை வாங்க வந்தவள்

வெளியில் நின்றபடியே கேட்டாள்:
"உன் வீட்டில் அம்மை இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள்.
வாங்க வந்தேன்."

சென்னாருக்குத் தெற்கே
நீல நதி மெலிந்து கிடந்த மாதம்.
கயிற்றுக் கட்டிலில் நூரைன் படுத்திருந்தான்.
நேற்று நெற்றியில் நாலைந்து.
இன்று காலை எண்ணத் தொடங்கிக்
கழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் பெயர் சித்தனா. அக்கரைக்காரி.
இந்தக் கரைக்குத் தோணி வராது என்று சொல்லிவிட்டார்களாம்,
இடுப்பளவு நீரில் நடந்தே வந்திருந்தாள்.
உடுத்தியது சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணி மட்டும்
நனையாமல் அவள் தலைமேல்.

"எத்தனை முத்து வேண்டும்?"
"ஐந்து."
"ஐந்தா? நாற்பது எடுத்துக்கொள்."
"ஏழு."
"முப்பது. விலையே வேண்டாம்."
"விலை இல்லாமல் வாங்கினால் பலிக்காது,
உனக்கே தெரியும். எட்டு."

எந்தச் சந்தையிலும் நான் கண்டதில்லை,
விற்பவள் அள்ளி அள்ளி நீட்ட
வாங்குபவள் கையை இழுத்துக்கொள்வதை.
மூட்டையோடு தூக்கிக்கொண்டு போ என்று
எந்த உப்பு வணிகனாவது அழுதிருக்கிறானா?

எனக்கு ஒரு கணக்கு இருந்தது.
அவள் கொண்டுபோகும் ஒவ்வொன்றும்
இவன் உடம்பில் ஒன்று குறையும் என்று.
யாரும் அப்படிச் சொன்னதில்லை.
நானே போட்டுக்கொண்டது.

கையை நீட்டிக் காட்டினாள்:
முழங்கைக்கு மேல் ஆறு பழந்தழும்பு.
"என் தாய் எனக்கு வாங்கியது.
என் மூத்தவை இரண்டுக்கும் நான் வாங்கவில்லை.
சின்னப் பிள்ளைகள்தானே, அடுத்த வருஷம் என்று இருந்துவிட்டேன்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை,
போன கோடையில் தட்டான் வீட்டில் இதே பேரத்துக்குப் போய்
நான்கு பழத்துக்காக எழுந்து வந்ததை.

பத்தில் முடிந்தது. முத்துக்கு ஒரு பேரீச்சை.
ஒட்டகங்கள் வடக்கிலிருந்து வந்ததும் தருவதாகச் சொன்னாள்.
துணியை நூரைனின் கையில் சுற்றிக் கட்டினேன்.
"என்னம்மா?"
"கொஞ்சம் விற்கிறோம்."
"எவ்வளவுக்கு?"
ஆறு வயது. வியாபாரி மகன்.
"பத்துப் பழம்."
"எனக்கு எத்தனை?"
"பத்தும்."

நிழல் வாசலைத் தாண்டும்வரை கட்டியிருந்தது.
அவிழ்த்துக் கொடுத்தேன்.
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப்போல
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு
மறுபடி ஆற்றில் இறங்கினாள்.
"விதியைப் போய் விலை பேசுகிறாள்களே"
என்று என் கொழுந்தன் காறித் துப்பினான்.

ஒன்பதாம் நாள்
பழம் வந்துவிட்டதா என்று அவன் கேட்கவில்லை.
அந்த மாலை
கட்டிலை நாலு பேர் தூக்கிப் போனார்கள்.
கட்டில் திரும்பி வந்தது.

முதல் மழைக்குப் பின் சித்தனா வந்தாள்,
இடுப்பில் ஒரு பையனோடு.
வழியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
ஆறுதல் எதுவும் பேசவில்லை.
ஓலைப் பெட்டியைத் திறந்து
பழங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள்.
பத்து.
பிறகு இன்னொன்று.

"இவனுக்குப் பதினொன்று வந்தது.
ஒன்று பேச்சில் இல்லாதது.
அதற்கும் விலை."

பத்தை எடுத்துக்கொண்டேன்.
ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.
"அதை நான் விற்கவில்லை."

"பின்னே எப்படி வந்தது?"

"எங்கே இருக்கிறது? காட்டு."

இடது காதுக்குப் பின்னால்.
சோளமணியில் பாதி. சற்றே குழிந்து.
என் விரல்நுனி அதில் உட்கார்ந்தது.
பையன் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தான்.
"சும்மா இருடா" என்று அதட்டினாள்.

"சிரிக்கட்டும்" என்றேன்.
விரலை எடுக்கவில்லை.